ரெகொபெயாமும் ரிவர்ஸ் கியரும்

தலைமையை வேறு யாராவது ஏற்கட்டும், நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லித் தப்பியோடி, அறையறையாய்த் தேடி அழைத்துவரப்பட்டு, இப்போதும் நாற்காலி நுனியில் நழுவத் தயாராய் அமர்ந்திருக்கும் இன்றைய தலைவி, சூடு தணியாத இஸ்திரிப்பெட்டியும் சோர்வு அறியாத இதயமும் படைத்த எங்கள் நெருப்பக்கா அவர்களே,

நன்றியுரைக்காக எழுதிவந்த தாளைக் குழலாய்ச் சுருட்டி, கூம்பாய்ச் சுருட்டி, இனி விரித்தாலும் படிக்க முடியாத பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிட்ட சின்ன முதலாளி அவர்களே,

கொதிகலன் பக்கத்தில் குடித்தனம் நடத்தி, கோடையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்போல் வாழ்நாளைக் கழித்த பெரியோர்களே,

ஊரார் உறங்கிய விரிப்புகளை வெளுத்து, ஊரார் உண்ட மேசைத்துணிகளைத் துலக்கி, ஊரார் நோயில் கிடந்த போர்வைகளை நோயின் வாடை நீங்கத் துவைத்து, தங்கள் வீட்டுத் துணியைத் துவைக்க மட்டும் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கும் தாய்மார்களே,

இடப்பக்கம் அமர்ந்திருக்கும் பழைய சலவை நிலையத்தாரே, வலப்பக்கம் அமர்ந்திருக்கும் புதிய சலவை நிலையத்தாரே, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வம்பு என்று நடைபாதையிலேயே நாற்காலி போட்டுக்கொண்ட நல்லவர்களே, உங்கள் அனைவருக்கும் எதிர்த்த கடைக்காரனின் இருகரம் குவித்த வணக்கம்.

நான் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் தெருவிலே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் இருமல் எனக்குத் தெரியும், உங்கள் இடுப்புவலி எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு வியாதி உண்டு, மேடையைக் கண்டால் பேசுவது. அதற்கு மட்டும் என் கடையில் மருந்து இல்லை. இரண்டு நிலையங்களுக்கும் பொதுவான சங்கத்துக்குப் புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம், தலைமை என்றால் என்ன என்று பேசுங்கள் என்றார்கள். தலைமையைப் பற்றி மருந்துக்கடைக்காரனுக்கு என்ன தெரியும்? ஆனால் வேதாகமம் எனக்குத் தெரியும். கடையில் ஆள் வராத மதிய வேளையில் நான் படிப்பது அதைத்தான். அதிலும் நான் விரும்பிப் படிப்பது அரசர்களின் கதையை. ஏன் தெரியுமா? அந்த எபிரெய அரசர்களைப் போல அசடு வழிந்த அரசர்களை நான் எங்கும் கண்டதில்லை. அவர்கள் கதையை எழுதியவரோ ஒரு பிழையைக்கூடப் பூசி மெழுகவில்லை.

முதல் அரசன் சவுல். அவனுக்கு முடிசூட்ட மக்கள் திரண்டிருக்கிறார்கள். பெயர் அறிவித்தாகிவிட்டது. ஆளைக் காணோம். எங்கே மன்னன், எங்கே மன்னன் என்று தேடுகிறார்கள். மன்னன் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறான். அதிலே வேடிக்கை என்ன தெரியுமா? எல்லாரையும்விட அவன் ஒரு தலை உயரம். ஒட்டகத்தைக் கூடைக்குள் ஒளித்தது போல இருந்திருக்கும். யார் அங்கே சிரிப்பது? தலைவியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் இன்று மாலை விரிப்பு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது கணக்குச் சரிபார்ப்பதற்காகத்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் நம்பிவிட்டேன்.

ஒளிந்த அரசன் கதை அதோடு இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ஒரு மகனுடைய கதை. பெரிய தந்தைக்குப் பிறந்த மகன். தந்தை சாலொமோன், ஞானத்திலே ஞாலம் புகழ்ந்தவர். ஆலயம் கட்டினார், அரண்மனை கட்டினார், மதில் கட்டினார். கட்டியவர் அவர், கல் சுமந்தது யார்? புகழ் அவருக்கு, புண் யாருக்கு? சுமந்து சுமந்து தோள் தேய்ந்த மக்கள், அவர் கண்மூடியதும் மகன் ரெகொபெயாமிடம் வந்தார்கள். கலகம் செய்ய வரவில்லை, கும்பிட வந்தார்கள். உங்கள் அப்பா வைத்த பாரம் தாங்க முடியவில்லை, கொஞ்சம் குறையுங்கள், காலமெல்லாம் உங்களுக்கு உழைக்கிறோம் என்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவன் யெரொபெயாம். சாலொமோனிடமே மேற்பார்வை பார்த்தவன், அவருக்குப் பயந்து எகிப்துக்கு ஓடியவன், அவர் இறந்த பிறகு திரும்பி வந்தவன்.

ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டான். அதுவரை நல்ல பிள்ளை. முதியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டான். இன்று ஒரு நாள் நீ அவர்களுக்குப் பணிந்து இதமாய்ப் பேசு, என்றென்றைக்கும் அவர்கள் உனக்குப் பணிவார்கள் என்றார்கள். பிறகு தன்னோடு வளர்ந்த வாலிபர்களைக் கூப்பிட்டுக் கேட்டான். வாலிபர்கள் என்றவுடன் மீசை அரும்பாத பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். அரசனுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கூட வளர்ந்தவர்களுக்கு மட்டும் பதினெட்டா இருக்கும்? அரண்மனையில் வாலிபம் எவ்வளவு நீளமாய் இருந்திருக்கிறது பாருங்கள்.

அந்த வாலிபர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பாவின் இடுப்பைவிட என் சுண்டுவிரல் பருமன் என்று சொல், அப்பா சாட்டையால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன் என்று சொல் என்றார்கள். நான் கேட்கிறேன், சுண்டுவிரல் இடுப்பு அகலம் இருந்தால் அது வீரமா, வீக்கமா? என் கடைக்கு அப்படி ஒருவர் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பேன். ஆனால் நாற்பத்தொரு வயது வாலிபனுக்கு அது நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மக்கள் முன்னால் நின்று அதையே சொன்னான். மக்கள் அவரவர் கூடாரத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். ஒரு மகன் வாய் திறந்தான், ஒரு தேசம் இரண்டாய்ப் பிளந்தது.

இனி வேதாகமத்தை விட்டு நம் தெருவுக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று. இதைச் சொல்லலாமா என்று சின்ன முதலாளியிடம் நேற்றே அனுமதி கேட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, நல்லாவே சொல்லுங்க என்றார். நல்லாவே சொல்கிறேன்.

இவருடைய அப்பா, பழைய நிலையத்தின் பெரிய முதலாளி, நல்லவர்தான். ஆனால் அவர் கண்ணுக்குத் துணி தெரியும், துணிக்குப் பின்னால் நிற்கிற கால்கள் தெரியாது. இஸ்திரிக் கூடத்தில் ஒரு முக்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது அவருடைய தத்துவம். பின்பக்க ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார், புழுதி வந்து வெள்ளைத் துணியில் படியுமாம். காலையிலிருந்து நின்று, நீராவியில் வெந்து, மாலையில் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள் இந்தத் தாய்மார்கள். கணுக்காலைத் தொட்டால் விரல் பதிந்த இடம் பள்ளமாகவே இருக்கும். களிம்பு கொடுப்பேன். களிம்பா அதற்கு மருந்து? அதற்கு மருந்து ஒரு முக்காலி.

அந்த முக்காலியைக் கேட்டவர்தான் நம் தலைவி. கேட்ட அன்றே வேலை போயிற்று. வேறு ஊருக்குப் போய், ஒரு பெரிய விடுதியின் சலவைக் கூடத்தில் சேர்ந்தார். பெரிய முதலாளி காலமான செய்தி கேட்டு இறுதி மரியாதைக்கு வந்தவர், பழைய தோழிகளின் கால்களைப் பார்த்தார். திரும்பிப் போகவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து, சின்ன முதலாளி அப்பாவின் அறையில், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, நெருப்பக்கா முன்னால் போக, இஸ்திரிக் கூடமே பின்னால் போயிற்று. அதிகம் கேட்கவில்லை. உட்கார முக்காலி, திறந்து மூட ஜன்னல். வேறொன்றும் இல்லை. யோசிச்சுச் சொல்றேன் என்றார் இவர். யோசித்தாரா? யோசித்தார். கொதிகலன்காரரையும் பழைய வண்டி ஓட்டுநரையும் கூப்பிட்டுக் கேட்டார். கொடுத்துவிடுங்கள் தம்பி, ஒரு நாள் நீங்களே அந்த மேசையில் நின்று பார்த்தால் உங்களுக்கே தோன்றும் என்றார்கள். இவருக்கும் சரியென்றே பட்டிருக்கிறது. அதோடு விட்டிருந்தால் நான் இன்று பேச வேறு தலைப்புத் தேடியிருக்க வேண்டும்.

ஆனால் குளிரூட்டிய அறை என்று ஒன்று இருந்தது. அதில் நண்பர்கள் என்று சிலர் இருந்தார்கள். கல்லூரியில் கூடப் படித்தவர்கள். இஸ்திரிப்பெட்டியின் சூடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள். அன்று அந்த அறைக்கு நான் தலைவலி மாத்திரை கொண்டுபோயிருந்தேன். என் காதாலேயே கேட்டேன். ஒருவர் சொன்னார்:

"இன்னிக்கு முக்காலி குடுத்தா, நாளைக்குக் கட்டில் கேப்பாங்கடா."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலே ஒரு முடிவு முளைத்துவிட்டது. மறுநாள் காலை இவர் இஸ்திரிக் கூடத்துக்கு வந்தார். எல்லாப் பெட்டிகளும் நின்றன. இவர் சொன்ன வாக்கியம் இந்தத் தெரு முழுக்கத் தெரியும், ஆனாலும் சபைக்காகச் சொல்கிறேன்.

"எங்கப்பா உங்கள உக்கார விடல. நான் சுவத்துல சாயக்கூட விடமாட்டேன்."

பார்த்தீர்களா? சுண்டுவிரல் வீங்கிவிட்டது.

பதில் கேட்க நெருப்பக்காவும் அங்கே வந்திருந்தார். வேலை போனதால் அங்கே அவருக்கென்று மேசை கிடையாது, ஆனாலும் பக்கத்து மேசையில் இருந்த பெட்டியை அணைத்து, நிமிர்த்தி வைத்தார். அடுத்தவர் அணைத்தார். அதற்கடுத்தவர் அணைத்தார். ஒவ்வொரு பெட்டியாய்ச் சூடு இறங்க, ஒவ்வொருவராய் வாசல் இறங்கினார்கள். தெருமுனையில் பூட்டிக் கிடந்த பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் புதிய சலவை நிலையம் பிறந்தது. பனிக்கட்டி செய்த இடத்தில் நீராவி. அதன் ஜன்னல்கள் அத்தனையும் திறந்திருந்தன. ஆஸ்பத்திரி விரிப்புகள் அங்கே போயின. இஸ்திரி மேசைகளும் சில அங்கே போயின. அவை பெரிய முதலாளி முன்பே வேண்டாம் என்று கொல்லையில் போட்டவை. ஆனால் சின்ன முதலாளியின் கோபத்துக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா?

ரெகொபெயாம் என்ன செய்தான்? சமாதானம் பேச ஆள் அனுப்பினான். யாரை அனுப்பினான்? மக்களை அடித்து வேலை வாங்கிய அதே அதிகாரி அதோராமை. எரிகிற புண்ணுக்கு மிளகாய்த் தூளைக் களிம்பாய் அனுப்பியது போல. மக்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள், அரசன் ரதம் ஏறி ஓடினான். நம்மவர் யாரை அனுப்பினார்? தேநீர் இடைவேளையை வெட்டிய மேற்பார்வையாளரை. நம் தெரு நாகரிகமான தெரு. கல்லெறியவில்லை, ஈரத் துண்டு எறிந்தார்கள். ஒருவர் ஆரம்பிக்க, ஊரே தொடர, மனிதர் திரும்பி வரும்போது துணி உலர்த்தும் கொடி ஒன்று நடந்து வருவதாகவே நான் நினைத்தேன். இதோ, மூன்றாவது வரிசையில் அவரே வாய்விட்டுச் சிரிக்கிறார். பெரிய மனசு ஐயா உங்களுக்கு. அன்று பிடித்த சளிக்கு மருந்தும் நான்தான் கொடுத்தேன்.

இதுவரை சிரித்தோம். இனி வருவதில் சிரிப்பு குறைவு.

ஊருக்குத் திரும்பிய ரெகொபெயாமுக்கு அவமானம் உள்ளே கொதித்தது. படை திரட்டினான். பெரும்படை, பொறுக்கி எடுத்த வீரர்கள். யாரோடு சண்டை? அந்நியனோடா? இல்லை. நேற்றுவரை ஒரே ஆலயத்தில் தொழுதவனோடு. ஒரே மூதாதையின் பிள்ளைகளோடு. அண்ணன் வாள் எடுத்தான், எதிரே நிற்பது தம்பி.

நம்மவருக்கும் உள்ளே கொதித்தது. ஒரு நாள் முற்பகல், குளிரூட்டிய அறை நண்பர்களில் ஒருவர் என் கடைக்கு வந்தார். கட்டுத்துணி உருளைகள் வேண்டும், காயத்துக்குப் போடும் மருந்து வேண்டும், பஞ்சு வேண்டும் என்றார். அள்ளி அள்ளி வாங்கினார். யாருக்குக் காயம் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"இன்னும் தெரியல சார். மதியத்துக்குள்ள தெரிஞ்சுடும்."

உலக வரலாற்றில் சண்டைக்கு முன்பே கட்டுத்துணி வாங்கிய படை எங்கள் தெருவின் படைதான். நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அப்போது சிரிக்காமல் வாசலுக்கு வந்தேன். எட்டிப் பார்த்தேன். சலவை நிலைய வாசலில் வண்டிகள் நின்றன. விரிப்பு ஏற்றும் இடத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சந்தையிலிருந்து கூலிக்குக் கூட்டிவந்தவர்கள். துணி தொங்கவிடும் இரும்புக் குழாய்களைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ஐஸ் கம்பெனியில் அந்நேரம் இருந்தவர்கள் யார்? இந்தத் தாய்மார்கள். அவர்கள் கையில் இருந்தது என்ன? கொதிக்கிற இஸ்திரிப்பெட்டி. யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் நெருப்பு. அந்தக் கட்டுத்துணி போதுமா? என் கடை போதுமா?

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பின்சந்து வழியாக ஓடினேன். ஓடினேன் என்பது மேடைக்காகச் சொல்வது, இந்த உடம்பு உருண்டது என்பதே உண்மை. பழைய நிலையத்தின் பின்வாசலில் கஞ்சி அறை. அங்கே சின்ன முதலாளியின் தங்கை நின்றார். நீங்களெல்லாம் கஞ்சித் தங்கச்சி என்று செல்லமாய் அழைக்கும் அவர்தான். துணிக்குப் போடும் கஞ்சியைக் காய்ச்சுவதில் அவர் கைப்பக்குவம் யாருக்கும் வராது. அண்ணனுக்கும் நெருப்பக்காவுக்கும் நடந்த பிளவில் எந்தப் பக்கமும் பேசாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டே இருந்தவர். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியை வைத்தார். நடந்தார்.

ரெகொபெயாமின் படைக்கு முன்னாலும் ஒருவர் வந்து நின்றார் தெரியுமா? சேமாயா என்று பெயர். அந்தக் கதையில் அவர் அதற்குமுன் வந்ததே இல்லை. கையில் ஆயுதம் இல்லை, பின்னால் ஆள் இல்லை. கடவுள் சொல்லச் சொன்னதைச் சொன்னார். உங்கள் சகோதரர்களோடு போருக்குப் போகாதீர்கள், அவரவர் வீட்டுக்குத் திரும்புங்கள் என்றார். அவ்வளவு பெரிய படைக்கு எதிரே ஒரு மனிதர், ஒரு வாக்கியம்.

நம் தெருவில் முதல் வண்டி கிளம்பி உறுமியது. அதன் முன்னால் முழங்கை வரை கஞ்சி வழிய ஒரு பெண் வந்து நின்றார். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். முன் இருக்கையில் அண்ணன். நான் சுவரோரம் நின்றிருந்தேன், ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"எங்கண்ணா போற?"

"மேசையெல்லாம் அப்பா வாங்கினது. எடுத்துட்டு வரேன்."

"மேசை எடுக்கக் குழாய் எதுக்கு?"

அண்ணன் விலகச் சொன்னார். தங்கை விலகவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அவங்க நம்மள அடிக்க வரலண்ணா. நம்மள விட்டுப் போனாங்க, அவ்வளவுதான். போக வெச்சது நாமதான். நீ இப்ப அங்க போய் ஜெயிச்சுட்டேன்னே வெச்சுக்க. எந்த அக்கா கையை உடைச்சுட்டு வந்தேன்னு வீட்ல சொல்லுவ?"

வண்டியின் இயந்திரம் இருமிக்கொண்டிருந்தது. தங்கை இன்னும் ஒன்று சொன்னார்.

"வீட்டுக்கு வாண்ணா. சாப்பிடலாம்."

அன்பான சபையோரே, ஒரு மனிதனுக்குள் அந்த நிமிடத்தில் என்னவெல்லாம் நடக்கும்? பின்னால் நண்பர்கள். பின்னால் ஆட்கள். ஜன்னல்தோறும் தலைகள். முன்னால் போனால் குற்றம், பின்னால் வந்தால் கேலி. முன்னால் போனால் ரத்தம், பின்னால் வந்தால் வெட்கம். எதைத் தேர்ந்தெடுப்பது? பின்னிருக்கையிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டார், தங்கச்சி சொன்னால் திரும்பிவிடுவாயா என்று.

சின்ன முதலாளி கதவைத் திறந்து இறங்கினார். அந்த நண்பரைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"ஆமா."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

வண்டிகளைப் பின்னால் எடுக்கச் சொன்னார். அங்கேதான் கடவுள் எனக்காக ஒரு நகைச்சுவையை ஒளித்து வைத்திருந்தார். முதல் வண்டியின் ரிவர்ஸ் கியர் விழவில்லை. ஓட்டுநர் ஆட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ம்ஹூம். கடைசியில் சண்டைக்கு வந்த படை குழாய்களைக் கீழே போட்டுவிட்டு இறங்கி, முன்பக்கம் போய், தோள் கொடுத்து, தங்கள் வண்டியைத் தாங்களே பின்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. சண்டைக்கென்று கூலி பேசியவர்கள் வண்டி தள்ளிக் கூலி வாங்கினார்கள். கட்டுத்துணி வாங்கிய நண்பர் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார். விற்ற மருந்தைத் திரும்ப எடுப்பதில்லை என்று என் கடையில் பலகையே மாட்டியிருக்கிறேன். அன்று மட்டும் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். அவ்வளவு மகிழ்ச்சியாய் நான் எந்த வியாபாரத்தையும் செய்ததில்லை.

ரெகொபெயாமும் திரும்பினான். சேமாயாவின் சொல் கேட்டு அந்தப் பெரும்படை அவரவர் வீட்டுக்குப் போயிற்று. முன்வரிசையில் வேத வகுப்பு எடுக்கும் ஆசிரியை தலையை ஆட்டுகிறார். புரிகிறதம்மா. பிற்காலத்தில் அவர்களுக்குள் சண்டை இருந்துகொண்டேதான் இருந்தது என்று அதே வேதம் சொல்கிறது. மறைக்கவில்லை. யெரொபெயாமும் நல்லவனாய் நிலைக்கவில்லை. அதையும் மறைக்கவில்லை. அரசர்கள் அப்படித்தான். ஆனால் அந்த ஒரு நாள், அண்ணன் தம்பி ரத்தம் மண்ணில் விழவில்லை. எத்தனை தாய்மார்கள் அன்று மாலை வாசலில் நின்று, வருகிற பிள்ளையைப் பார்த்துக் கதவைத் திறந்திருப்பார்கள்? போரில் வென்ற நாளுக்கெல்லாம் தூண் நாட்டுகிறோம். போகாமல் திரும்பிய நாளுக்கு யார் தூண் நாட்டினார்கள்?

நம் தெருவில் பிறகு என்ன நடந்தது? எல்லாரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், இரண்டும் ஒன்றாயிற்று என்று முடித்தால் கைதட்டல் வரும். ஆனால் பொய்யாகிவிடும். ஒன்றாகவில்லை. தங்கையோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட மனிதர், மறுநாள் காலை இஸ்திரிக் கூடத்தில் காலியாய் நின்ற ஒரு மேசைக்குப் பின்னால் போய் நின்றார். மாலை வரை நின்றார். மாலையில் என் கடைக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கணுக்காலைக் காட்டினார். நான் விரலால் அழுத்தினேன். பள்ளம். அவர் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். களிம்பைக் கொடுத்தேன், வாங்கவில்லை. தச்சர் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

முக்காலிகள் வந்தன. ஜன்னல் ஆணிகளைத் தங்கையே பிடுங்கினார். போனவர்களில் சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. இவர் நேரே போய் நெருப்பக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னித்தார், ஆனால் வரமாட்டேன் என்றார். எனக்குன்னு ஒரு இடம் ஆயிடுச்சு தம்பி, நீங்க அங்க நல்லா நடத்துங்க, நான் இங்க நல்லா நடத்துறேன் என்றார். இவரும் வற்புறுத்தவில்லை. மழைக்காலத்தில் புதிய நிலையத்தின் கொதிகலன் வெடிப்பு கண்டபோது, ஆஸ்பத்திரி விரிப்புகளை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தது பழைய நிலையத்தின் வாசலுக்குத்தான். யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. உள்ளே எடுத்துப் போட்டுத் துவைத்தார்கள். தங்கை இப்போது காலையில் இங்கே கஞ்சி காய்ச்சுகிறார், மாலையில் அங்கே காய்ச்சுகிறார். இரண்டு நிலையங்களின் துணியும் ஒரே விறைப்பாய் நிற்பதன் ரகசியம் அதுதான்.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே, செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். குரல் உள்ளவரைத் தேடுவீர்கள். துணிச்சல் உள்ளவரைத் தேடுவீர்கள். தேடுங்கள், தவறில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வண்டிக்கு முன்னால் போக எத்தனை கியர்? நாலு, ஐந்து. பின்னால் வர? ஒன்றே ஒன்று. அந்த ஒன்று இல்லாத வண்டியை யாராவது வீட்டுக்கு வாங்குவீர்களா? முட்டுச்சந்தில் நுழைந்தால் சுவரை இடித்துக்கொண்டா போவீர்கள்? வண்டியில் பார்க்கிற அந்தக் கியரை ஏன் தலைவனிடம் பார்ப்பதில்லை? ஏன் மாமனாரிடம் பார்ப்பதில்லை, ஏன் மேலாளரிடம் பார்ப்பதில்லை, ஏன் கண்ணாடியில் தெரிகிற முகத்திடம் பார்ப்பதில்லை? நம் எல்லாருக்குள்ளும் ஒரு ரெகொபெயாம் உட்கார்ந்திருக்கிறான். சமையலறையில் ஒருவன், சம்பந்தி வீட்டில் ஒருவன், சங்கக் கூட்டத்தில் ஒருவன். சொன்ன சொல்லை மாற்றினால் மானம் போய்விடும் என்று விறைத்துக்கொண்டு. நான் சொல்கிறேன், மானம் போகாது. சொல்லைப் பிடித்துக்கொண்டு சொந்தத்தை விடுவதிலே என்ன மானம்? பல்லைக் கடித்துக்கொண்டு பகையை வளர்ப்பதிலே என்ன வீரம்? படையோடு போகிறவனைப் பார்த்திருக்கிறேன், அவனுக்குப் பின்னால் தள்ள ஆள் இருக்கிறது. படையை நிறுத்தி இறங்குகிறானே, அவனைத் தள்ள யாருமில்லை. அவன் தானாகவே இறங்குகிறான், தனியாகவே நடக்கிறான். அந்த நடையைப் பார்த்தவன் நான். ஒரு தெருவின் அத்தனை ஜன்னல்களுக்கும் கீழே, குனியாத தலையோடு, தங்கையின் பக்கத்தில் ஒருவர் நடந்துபோனார். வென்று வந்த மன்னர்களின் ஊர்வலத்தை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். அன்று நான் பார்த்தது அதைவிடப் பெரிய ஊர்வலம்.

பேச்சு நீண்டுவிட்டது. தலைவி என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்க்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருபக்கத்தாருக்கும் தெரியும். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், தவறாமல் சிரித்த தாய்மார்களுக்கும், தன் கதையை ஊர் முன்னால் சொல்ல அனுமதித்து, இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி விழுந்ததாய்ச் சொல்லும் சின்ன முதலாளிக்கும், மேடைக்கு வரமாட்டேன் என்று வாசலில் நின்றே கேட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தங்கைக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. போகும்போது இடப்பக்கத்தார் வலப்பக்க வாசலாலும், வலப்பக்கத்தார் இடப்பக்க வாசலாலும் போய்ப் பாருங்கள், இரண்டும் ஒரே தெருவில்தான் இறங்குகின்றன. எல்லாரும் நலமாய் வீடு சேருங்கள், வணக்கம்.